வலிக்காத ஊசி

ஊசியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. சுகாதார நிலையத்துக்குள் வருகிற குழந்தை முதல் பல் போன கிழவர் வரைக்கும் அவள் ஊசியக்காதான். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டுவிட்டால் போதும், ஆளுக்கு ஆள் சாட்சி சொல்ல வந்துவிடுவார்கள். "அந்தம்மா போட்டா வலிக்கவே வலிக்காது. போட்டாச்சா இல்லையான்னு நாமதான் வாயைத் திறந்து கேக்கணும்!"

இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. புதிதாக வந்த நர்ஸ் பெண்கள் ஊசி போடும்போது யாராவது "ஆ" என்று கத்திவிட்டால், பக்கத்து அறையிலிருந்து ஒரு தடவை தொண்டையைச் செருமுவாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள். அந்தச் செருமலுக்கு அந்தப் பெண்கள் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். முப்பத்திரண்டு வருஷ வேலை, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். பேர் கெடாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

அவளுடைய பெருமையை ஊரெல்லாம் பரப்பியது நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, அதே வீட்டில் மாடியில் குடியிருப்பவள், சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். பேச்சில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் சுண்டிப்போய்ப் படுத்தபடி கிடந்தவளுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது ஊசி போட்டு எழுப்பி உட்கார வைத்தது அண்ணிதான். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது ஊசிக்குப் பயந்தால் நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். "எங்க அண்ணிகிட்ட போ. இருபது ஊசி, ஒரு தடவை கண்ணை மூடலை நான்!"

அந்த நாத்தனாருக்குத்தான் இரண்டு வருஷமாக உடம்பு ஒத்துழைக்கவில்லை. நாலு சட்டை தேய்ப்பதற்குள் உட்கார இடம் தேடுவாள். சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். அண்ணியிடம் கேட்டால், "நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருந்தா வீங்காம என்ன செய்யும்? உனக்கென்ன பதினெட்டு வயசா?" என்று பதில் வரும். அண்ணி சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவளும் சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் உத்தரவு வந்தது. ஹெபடைட்டிஸ் சி என்கிற ஈரல் நோய்க்கு இனிமேல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம். சின்ன நிலையங்களிலேயே பரிசோதனை செய்து மாத்திரையும் கொடுக்க வேண்டும். அதற்காக மூன்று நாள் பயிற்சி. நிலையத்துக்கு ஒரு நர்ஸ், ஒரு லேப்காரர். ஊசியக்கா முகத்தைச் சுளித்தாள். "இனிமே நான் என்னத்தைப் படிச்சு, எங்க போய்க் கிழிக்கப்போறேன்?" ஆனாலும் போனாள். உத்தரவு உத்தரவுதானே!

பயிற்சிக்குக் கொடுத்த கூடம் ஒரு காலத்தில் மருந்து அடுக்கி வைத்த அறை. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், உள்பக்கத்துக் கைப்பிடியோ எப்போதோ கழன்று போயிருந்தது. வெளியே போகிறவர் கதவைத் தட்டினால் வராந்தாவில் இருக்கும் உதவியாளர் அம்மா வந்து தள்ளித் திறந்துவிடுவார். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு பேர், ஒரே மின்விசிறி. "பாடம் எடுக்கக் கூப்பிட்டாங்களா, பிடிச்சு அடைக்கக் கூப்பிட்டாங்களா?" என்று ஊசியக்கா பக்கத்திலிருந்த லேப்காரரிடம் முணுமுணுத்தாள். அவளோடு ஒரே நிலையத்தில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவர் அவர். மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சு ரொம்பக் கம்மி.

பயிற்சி கொடுத்த டாக்டருக்கு அவள் மகள் வயசுதான் இருக்கும். முதல் நாள் காலையிலேயே ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவைத் திறந்து கண்ணாடி சிரிஞ்ச் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இதைத் தொட்டு வேலை பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?"

கூடமே ஊசியக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "தொட்டவளா! இதோட குடும்பமே நடத்தியிருக்கேன் டாக்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். "அந்தக் காலத்துல எப்படிப் பண்ணுவீங்கன்னு அப்படியே செஞ்சு காட்டுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

கேட்க வேண்டுமா! இருபது நிமிஷம் கொதிக்க வைப்பது, இடுக்கியால் எடுப்பது, ஊசியைப் பொருத்துவது, காற்றைத் தள்ளுவது என்று ஒவ்வொன்றையும் நாடகம் மாதிரி நடித்துக் காட்டினாள். கைக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. காற்றைத் தள்ளியதும் இடது கட்டைவிரல் தானாக முன்னால் வந்தது. ஊசி முனையை அதன் சதையில் லேசாக இறக்கி எடுத்தாள். பஞ்சால் துடைத்தாள். பழகுவதற்கு வைத்திருந்த ரப்பர் கையின் பக்கம் திரும்பினாள்.

"இது எதுக்கு சிஸ்டர்?"

நாத்தனாரைத் தவிர வேறு யாருக்கும் அவள் சொல்லாத ரகசியம் அது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அன்றைக்குச் சொல்லிவிட்டாள். "இதுதான் டாக்டர் என் கைராசி. அப்போ ஒரே ஊசியைத் தீட்டித் தீட்டி மாசக்கணக்கா போடுவோம். முனை மடங்கியிருந்தா விரல்ல பிராண்டும், அதை ஒதுக்கிடுவேன். நல்ல முனைன்னா வெண்ணெய்ல போற மாதிரி இறங்கும். அதைத்தான் ஜனங்களுக்குப் போடுவேன். எனக்கு வலிக்காததுதான் அவங்களுக்கு!"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். டாக்டர் தட்டவில்லை.

"விரல்ல இறங்கினா ரத்தம் வருமே?"

"ஒரு சொட்டு துளிர்க்கும். ஸ்பிரிட்ல துடைச்சிடுவேன்."

"மறுபடியும் கொதிக்க வைப்பீங்களா?"

"வெளியில அறுபது பேர் நிப்பாங்க டாக்டர்..."

"ஊசியோட வெளிப்பக்கத்தை நீங்க துடைச்சிட்டீங்க" என்றார் டாக்டர். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "உள்ளே ஒரு துளை இருக்கே சிஸ்டர், அதை யார் துடைக்கிறது?"

கைதட்டியவரின் கை பாதியில் நின்றது. டாக்டர் பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தார். அவர் திட்டியிருந்தால் ஊசியக்கா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள், மனசும் ஆறியிருக்கும். அவர்தான் திட்டவே இல்லையே. இந்தக் கிருமி ரத்தத்தின் வழியாகத்தான் போகும், தட்டில் சேர்ந்து சாப்பிட்டாலோ தொட்டாலோ ஒட்டாது. உள்ளே போனால் இருபது முப்பது வருஷம் சத்தம் காட்டாமல் ஈரலைக் கெடுக்கும். அசதி, கால் வீக்கம் என்று தெரியவரும்போது பாதி காரியம் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் ஊசி கழுவியவர்களில் பலருக்கு, கழுவும்போது கையில் குத்திக்கொண்டதாலேயே இந்த நோய் வந்திருக்கிறது. எல்லாம் அவள் காதில் விழுந்தது. "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று லேப்காரரிடம் சொல்லிக்கொண்டாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

மத்தியானம் செய்முறை. சம்மதிப்பவர்கள் அவரவர் விரலிலேயே குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டையில் விட வேண்டும். ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. இரண்டு கோடு வந்தால் அந்தக் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது. முடிவை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, விருப்பப்பட்டால் தன்னிடம் தனியாகச் சொல்லலாம் என்றார் டாக்டர். பட்டையை மட்டும் கழிவு போடும் மஞ்சள் தொட்டியில் போட்டுவிட வேண்டும்.

ஊசியக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காலையில் போன மானத்தைத் திருப்பி வாங்க வேண்டும் என்ற வீம்பு விடவில்லை. குத்தினாள், சொட்டு விட்டாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் கோடு வந்தது. சரி. அப்புறம் அதற்குக் கீழே, பென்சிலால் கிழித்த மாதிரி, இன்னொன்று. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இன்னும் கருத்திருந்தது. தொட்டிவரை கொண்டுபோனால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். மேசையைத் துடைப்பது போல அதன் மேல் பஞ்சை வைத்தாள், பஞ்சோடு சேர்த்துக் கைப்பைக்குள் தள்ளினாள். முப்பத்திரண்டு வருஷத்தில் ரத்தம் பட்ட பொருளை அவள் கைப்பையில் போட்டது அதுதான் முதல் தடவை.

"இருபத்தி ஒண்ணுதான் இருக்கு" என்றார் டாக்டர், தொட்டியை எட்டிப் பார்த்து. "ஒண்ணு குறையுது. ரத்தம் பட்ட பொருள், கிடைக்காம யாரும் வெளியே போக முடியாது."

நாற்காலிக்கு அடியில் தேடினார்கள். மேசைக்கு அடியில் தேடினார்கள். ஊசியக்காவும் குனிந்து தேடினாள், ஐயோ பாவம், என்னத்தைத் தேடுவாள்! மடியில் கைப்பை கனத்தது. கதவைப் பார்த்தாள், கைப்பிடி இருந்த இடத்தில் துளைதான் இருந்தது. முதுகில் வியர்வை வழிந்தது. "பஸ் போயிடும்" என்று யாரோ அலுத்துக்கொண்டார்கள். "வேற வழியில்ல, பைகளைப் பார்த்துடலாமா?" என்றார் இன்னொருவர்.

"அது நான்தான்" என்று லேப்காரர் எழுந்தார். "பாத்ரூம் போறப்போ கையோட கொண்டுபோய் அங்க மஞ்சள் தொட்டியில போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க." லேப்காரரே இப்படிச் செய்யலாமா என்று டாக்டர் பிடித்துக்கொண்டார். மனிதர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நான் ஒண்ணும் பார்க்கலை அக்கா."

பார்த்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ரெண்டு கோடு வந்தா முடிவில்ல. நாலுல ஒருத்தருக்கு அதுவே போயிடும். கிருமி இன்னும் இருக்கான்னு இன்னொரு டெஸ்ட் சொல்லும். அந்த மெஷின் இங்கேயே இருக்கு. நாளைக்குக் காலையில நானே ரத்தம் எடுத்து நம்பர் மட்டும் போட்டுக் கொடுத்துடறேன். அந்தப் பட்டையையும் கொண்டாங்க, போட வேண்டிய இடத்துல போட்டுடலாம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது நாத்தனார் மாடிப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "என்ன அண்ணி, பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல ஏத்திட்டாங்களா? முகத்துல ஈயாடலை!"

ஊசியக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். நாத்தனாரின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இந்தக் குழியை இரண்டு வருஷமாக எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! "உனக்கென்ன பதினெட்டு வயசா?" என்று கேட்டதும் இதே வாய்தானே. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எதிலிருந்து சொல்வது? கட்டைவிரலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொன்ன பிறகு இந்தப் படியில் இப்படி உட்கார முடியுமா?

"அசதியா இருக்கு" என்று மட்டும் சொல்லி, நாத்தனாரின் காலைப் பிடித்துவிட்டாள். வெகுநேரம் பிடித்துவிட்டாள். "போதும் அண்ணி, கை வலிக்கப்போகுது" என்றாள் நாத்தனார்.

இரண்டாம் நாள் இடைவேளையில் லேப்காரர் ஒரு மடித்த தாளைக் கொடுத்தார். கிருமி இருந்தது. அன்றைக்குப் பாடம் முழுக்க மருந்தைப் பற்றித்தான். தினமும் மாத்திரை, பன்னிரண்டு வாரம். அநேகமாக எல்லோருக்கும் குணமாகிவிடும். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண் குஷியாகிவிட்டாள். "அடேங்கப்பா, இவ்வளவுதானா! இதுக்குப் போய் மறைப்பாங்களா ஜனங்க?"

ஊசியக்காவுக்குத் தன் நோய் பெரிதாகத் தெரியவில்லை. மாத்திரையை விழுங்கினால் போகிறது. ஆனால் நாத்தனாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால் பரிசோதனை செய்ய வேண்டும், பரிசோதனை செய்தால் எப்படி வந்தது என்று கேட்பாள். கேட்காமல் இருக்கிற ஆளா அவள்? சொல்லாவிட்டால் அவள் ஈரல் போகும். சொன்னால் தன் பேர் போகும். அந்தக் கூடம் பரவாயில்லை, தட்டினால் திறக்க வெளியே ஒரு அம்மா இருந்தார்.

வீட்டில் யாராவது சம்மதித்தால் பழகிப் பாருங்கள் என்று சாயங்காலம் ஆளுக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். ஊசியக்கா அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். வழியெல்லாம் யோசித்து ஒரு தந்திரமும் வைத்திருந்தாள். "நாளைக்கு எனக்குப் பரீட்சை மாதிரி. பழகணும். விரலை நீட்டு."

"இதுக்கு ஒரு பீடிகையா? உங்க ஊசிக்கு நான் என்னிக்குப் பயந்திருக்கேன்!" நாத்தனார் இஸ்திரி சூட்டில் காய்ப்பு ஏறிய விரலை நீட்டினாள். குத்தியதும் வழக்கம்போலவே கேட்டாள். "போட்டாச்சா?"

இருவரும் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாத்தனார் கடைக்கு வந்த ஒரு சட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது கோடு வந்தபோது கதை பாதியில் இருந்தது.

"ரெண்டு கோடு. பாஸா?"

ஊசியக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கட்டைவிரல், சொட்டு, துளை, இருபது ஊசி, தன் இரண்டு கோடு, மடித்த தாள், பன்னிரண்டு வாரம். முன்னும் பின்னுமாக, அழுகையோடு, சளியோடு.

நாத்தனார் பட்டையை எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு இருக்குன்னு எப்போ தெரியும்?"

"நேத்து... மத்தியானம்."

"நேத்து சாயங்காலம் என் காலைப் பிடிச்சுவிட்டே." 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்து பிடிச்சுவிட்டே. இன்னிக்கு வந்து பரீட்சைங்கறே, பழகணுங்கறே! இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி நீ தெரியாம செஞ்சே. அதுக்கு நான் என்ன சொல்றது? நேத்து தெரிஞ்சு செஞ்சே அண்ணி. இப்பவும் தெரிஞ்சுதான் என் விரலை வாங்கினே."

நாத்தனார் பட்டையைக் கீழே வைத்தாள்.

"என்னை மாதிரி எத்தனை பேரு?"

"தெரியலை. பதினொரு வருஷம் அந்த ஊசிதான்."

"எனக்குத் தெரியும்." நாத்தனாரின் குரல் உடைந்தது. "எதிர் வீட்டுக்காரி. கடையில என்கூட நின்னவ. தையல்காரர் சம்சாரம். ஒவ்வொருத்தியையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்கிட்ட விட்டது நான்தானே! அண்ணி தன் விரல்ல குத்திப் பார்த்துட்டுத்தான் போடுவாங்கன்னு நான்தானே பெருமையா சொல்லிச் சொல்லி அனுப்பினேன்!" கதவைக் காட்டினாள். "கீழே போ. இப்போ உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கலை."

மறுநாள் காலையில் ஊசியக்கா வாசலுக்கு வந்தபோது, நாத்தனார் நல்ல புடவை கட்டிக்கொண்டு பையோடு நின்றாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். உதவியாளர் அம்மா கதவைத் தள்ளித் திறந்ததும் ஊசியக்காவுக்கு முன்னால் உள்ளே போனாள்.

மூன்றாம் நாள், நோய் இருப்பதை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று பழகுவது. முன்னால் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். ஒருவர் நர்ஸாகவும் இன்னொருவர் நோயாளியாகவும் நடிக்க வேண்டும். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க யாரு?"

"ரெண்டு கோடு வந்தவ. இவங்களுக்கு நாத்தனார்." டாக்டர் ஊசியக்காவைப் பார்த்தார், அவளுடைய கட்டைவிரலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "கட்டாயமில்ல சிஸ்டர். தனியா பேசிக்கலாம்" என்றார்.

"தனியாதான் நேத்து சொன்னாங்க, ஒண்ணும் விளங்கலை" என்றாள் நாத்தனார். "வாங்க அண்ணி. இங்க உட்காருங்க. எதிர் வீட்டுக்காரிக்குச் சொல்லணும், தையல்காரர் சம்சாரத்துக்குச் சொல்லணும், நான் கூட்டிட்டு வந்த ஒவ்வொருத்திக்கும் சொல்லணும். அழுதுக்கிட்டே சொன்னா அவங்களுக்கு என்ன புரியும்? முதல்லேர்ந்து சொல்லுங்க."

லேப்காரர் மேசையை நகர்த்தி வழிவிட்டார். ஊசியக்கா போய் உட்கார்ந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இருபதுக்கு மேற்பட்ட முகங்கள், ஒரு மின்விசிறி, எதிரே இரவெல்லாம் தூங்காத இரண்டு கண்கள்.

"உங்களுக்கு இந்த நோய் வந்தது..." என்று ஆரம்பித்தாள். "உங்களுக்கு இது வந்தது, என்..." கட்டைவிரல் தானாக முந்தானைக்குள் போனது.

"மறுபடியும்" என்றாள் நாத்தனார்.